செக்கிங் மேசையிலிருந்து ஆடிட்டர் வரை: திருப்பூர்ப் பெண்களுக்கு ஒரு வழிகாட்டி

திருப்பூர் பனியன் கம்பெனிகளில், தைத்த பீஸில் குறை பார்க்கும் செக்கிங் மேசையைச் சுற்றி நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கியூசி (தரச் சோதனை) இன்சார்ஜ், கியூஏ (தர உறுதி) மேனேஜர், ஆடிட்டர் (கணக்கு அல்ல, கம்பெனி விதிப்படி நடக்கிறதா என்று சோதிப்பவர்) என்று மேலே போகப் போக அவர்கள் எண்ணிக்கை குறைந்துவிடுகிறது. திறமைக்குப் பஞ்சமில்லை, ஸ்கிப் ஸ்டிட்சும் (விட்டுப்போன தையல்) நீடில் கட்டும் (ஊசி அறுத்த ஓட்டை) அவர்கள் கண்ணுக்குத் தப்புவதில்லை. கண்ட குறையை எண்ணாக்கி, எழுதி, கையெழுத்துப் போட்டு, அதில் உறுதியாக நிற்கும் பழக்கம்தான் வர வேண்டும். அதை மேசையில் இருக்கும்போதே தொடங்கலாம்.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். பீஸை ‘டேமேஜ்’ என்று ஒதுக்குவதோடு விடாமல் ஸ்டைல் நம்பர், சைஸ், குறையின் பெயர், எந்த ஆபரேஷனில் (தையல் கட்டத்தில்) வந்தது என்று எழுதுங்கள். ஒரு வாரத்தில் எந்த மெஷினிலிருந்து ஒரே குறை திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிந்துவிடும். அடுத்து காரணத்தைத் தேடுங்கள். தையல் ஓரத்தில் பொடிப்பொடியாக ஓட்டை விழுந்தால் ஊசி முனை மழுங்கியிருக்கலாம், அல்லது அந்தத் துணிக்கு ஊசி தடிமனாக இருக்கலாம். துவைத்ததும் பக்கத் தையல் முன்பக்கம் திரும்பினால் டெய்லரைத் திட்டிப் பயனில்லை. சிங்கிள் ஜெர்சி என்ற மெல்லிய பின்னல் துணியில் பெரும்பாலும் அது நூல் முறுக்கால் வரும் ஸ்பைராலிட்டி. அளவு ஒரேயடியாகக் குறைந்தால், ரோலைப் பிரித்துத் துணிக்கு ஓய்வு கொடுக்காமல் கட்டிங் போட்டார்களா என்று கேளுங்கள். இப்படிக் காரணத்தையும் சேர்த்துச் சொல்பவரைத்தான் கியூசி வேலைக்குக் கூப்பிடுவார்கள்.

அளவெடுப்பதில் கை துல்லியமாக இருக்க வேண்டும். பீஸை மேசையில் சமமாகப் போட்டு, இழுக்காமல், சுருக்கத்தை மட்டும் தடவி எடுத்துவிட்டு அளக்க வேண்டும். செஸ்ட் அளவை வழக்கமாக ஆர்ம்ஹோலுக்கு (கை இணையும் இடம்) 1 இன்ச் கீழே எடுப்பார்கள். ஆனால் பையரின் (வாங்கும் கம்பெனியின்) ஸ்பெக் ஷீட் (அளவுத் தாள்) வேறு சொன்னால் அதுதான் கணக்கு. அயர்னிங் சூட்டோடு அளந்தால் அளவு மாறிக் காட்டும். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. அதற்கான ஜிஎஸ்எம் கட்டர் வெட்டும் வட்டம் 100 சதுர சென்டிமீட்டர். எடையைக் கிராமில் பார்த்து 100-ஆல் பெருக்குங்கள்: 1.80 கிராம் என்றால் 180 ஜிஎஸ்எம். ஒரே இடத்தில் வெட்டாமல் அகலவாக்கில் மூன்று நான்கு இடங்களில் வெட்டிச் சராசரி எடுங்கள். கரையோரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

பைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஏக்யூஎல் அட்டவணை, அதாவது எத்தனை பீஸ் எடுத்துப் பார்ப்பது, எத்தனை குறை வரை ஏற்பது என்று சொல்லும் அட்டவணை, தெரிந்தே ஆக வேண்டும். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். 2,400 பீஸ் ஆர்டர், ஜெனரல் லெவல் 2 (வழக்கமான சோதனை அளவு) என்று வைத்துக்கொள்வோம். 1,201 முதல் 3,200 வரையிலான லாட்டுக்குக் குறியீடு ‘கே’. எடுக்க வேண்டியது 125 பீஸ். மேஜருக்கு (பெரிய குறை) ஏக்யூஎல் 2.5 என்றால் 7 வரை பாஸ், 8 வந்தால் பெயில். மைனருக்கு (சின்னக் குறை) 4.0 என்றால் 10 வரை பாஸ், 11-இல் பெயில். கிரிட்டிகல் (உடுத்துபவருக்கு ஆபத்தான குறை) ஒன்றுகூட இருக்கக் கூடாது. உடைந்த ஊசித் துண்டு அந்த வகை. 125-இல் 2.5 சதவீதம் என்று கணக்குப் போட்டு 3 என்று எழுதுவது பெருந்தவறு. இது ‘இவ்வளவு சதவீதம் குறை இருக்கலாம்’ என்ற அனுமதி அல்ல. சாம்பிள் எடுப்பதில் வரும் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துப் போட்ட அட்டவணை.

பெட்டிகளை நீங்களே தேர்ந்தெடுங்கள். 100 பெட்டி இருந்தால் அதன் வர்க்கமூலமான 10 பெட்டியைத் திறப்பது பரவலான வழக்கம். பேக்கிங் ஆட்கள் முன்னால் கொண்டுவந்து வைத்த பெட்டிகளை மட்டும் பார்த்தால் அவர்கள் காட்ட விரும்பியதைத்தான் பார்ப்பீர்கள். பெட்டி எண்களை முதலில் தாளில் குறித்துவிட்டு, அதன்பிறகு எடுத்துவரச் சொல்லுங்கள். எல்லா சைஸும் கலரும் அதில் வர வேண்டும்.

“கன்டெய்னர் நிக்குதும்மா, பாஸ் போட்டுவிடு” என்று ஒருநாள் நிச்சயம் கேட்பார்கள். வாக்குவாதம் வேண்டாம். “அண்ணா, 125-ல 9 மேஜர் இருக்கு. 8-லயே பெயில். பீஸ் இங்கதான் இருக்கு, பாருங்க” என்று ஒதுக்கிய பீஸ்களைப் படத்தோடு காட்டுங்கள். ரீசெக் செய்து திரும்ப இன்ஸ்பெக்‌ஷனுக்கு வைப்பது அவர்கள் வேலை. எண்ணைத் திருத்துவது யார் வேலையும் அல்ல. ஒருமுறை திருத்திக் கொடுத்தால் அடுத்த ரிப்போர்ட்டை யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆடிட்டுக்குப் போக இரண்டு வழிகள் உண்டு. தர மேலாண்மைக்கு ஐஎஸ்ஓ 9001:2015. முதலில் கம்பெனிக்குள் இன்டர்னல் ஆடிட்டராகப் பெயர் கொடுங்கள். லீட் ஆடிட்டர் பயிற்சி வழக்கமாக ஐந்து நாள், முடிவில் தேர்வு. பணம் கட்டுமுன் அந்தப் பயிற்சிக்கு அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். இன்னொரு வழி, தொழிலாளரை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்கும் சோஷியல் ஆடிட்: எஸ்ஏ8000, ஸ்மெட்டா போன்றவை. சம்பளம், வேலை நேரம், பிஎஃப், இஎஸ்ஐ, பாதுகாப்பு எல்லாம் இதில் வரும். செக்கிங்கில் இருந்த பெண்ணுக்கு இங்கே பெரிய பலம் உண்டு. ஹாஸ்டலைப் பற்றியும் சூப்பர்வைசரின் பேச்சைப் பற்றியும் பெண் தொழிலாளிகள் இன்னொரு பெண்ணிடம்தான் வாய்திறப்பார்கள். கேமராவும் இன்சார்ஜும் இல்லாத இடத்தில் பேசுங்கள். யார் சொன்னது என்று ரிப்போர்ட்டில் தெரியவே கூடாது.

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். தலைவர் பெண், உறுப்பினரில் பாதியாவது பெண்கள், வெளியாள் ஒருவர். போர்டில் பெயர் ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு டிக் போடாதீர்கள், லைனில் இருப்பவரிடம் “யார்கிட்ட சொல்வீங்க?” என்று கேளுங்கள். வருகைப் பதிவேட்டை மற்றப் பதிவேடுகளோடு ஒப்பிடுங்கள். ஞாயிறு விடுமுறை என்று அதில் இருக்க, ஊசிப் பதிவேட்டில் அன்றைய தேதிக்கு ஊசி மாற்றியிருந்தால் கேள்வி கேட்க வேண்டியதுதான்.

குறையை எழுதும்போது மூன்றும் வேண்டும்: விதி என்ன, கண்டது என்ன, எங்கே எப்போது. ‘ஊசிப் பராமரிப்பு சரியில்லை’ என்பது வெறும் அபிப்பிராயம். ‘2-ஆம் லைன், 14-ஆம் மெஷினில் உடைந்த ஊசியின் எல்லாத் துண்டும் பதிவேட்டில் ஒட்டப்படவில்லை, கம்பெனி விதிப்படி ஒட்ட வேண்டும்’ என்றால் மறுக்க முடியாது.

ஆடிட் ஏஜென்சியில் சேருமுன் கேட்க வேண்டியவை: வெளியூர் ஆடிட்டுக்கு வண்டி யார் தருவார்கள், இரவு தங்க நேர்ந்தால் அறை யார் போடுவார்கள், தனியாகவா இருவராகவா, இடையில் பாதுகாப்பில்லை என்று பட்டால் ஆடிட்டை நிறுத்த அனுமதி உண்டா. பதிலை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள்.