கர்ப்பிணிக்குத் திடீர் இடப்பக்க மேல்வயிற்று வலி: மண்ணீரல் தமனி வெடித்திருந்தால் செய்ய வேண்டியவை

"வாயுப் புடிப்புங்க சிஸ்டர், சோடா குடிச்சும் கேக்கல" என்று வரும் ஏழெட்டு மாதக் கர்ப்பிணிகளில் பெரும்பாலோருக்கு அது வாயுதான். ஆனால் வலி இடது விலாவுக்குக் கீழே திடீரெனத் தொடங்கி, இடது தோள்பட்டையும் கடுத்து, எழுந்தால் கண்ணை இருட்டுகிறது என்றால் அல்சர் ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பாதீர்கள். மண்ணீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியில் இருந்த புடைப்பு வெடித்திருக்கலாம். அபூர்வம்தான். ஆனால் கர்ப்பத்தில் வெடித்தால், பதிவான நேர்வுகளில் தாய்மார் நால்வரில் மூவர் வரை இறந்திருக்கிறார்கள். குழந்தை தப்புவது அதைவிட அரிது. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை ரத்தம் உறுத்துவதால்தான் தோள் வலிக்கிறது. இரண்டுக்கும் ஒரே நரம்பு வழி.

ஆளை ஏமாற்றுவது இடைவெளி. சிலருக்கு முதல் கசிவு இரைப்பைக்குப் பின்னால் உள்ள சிறு பையில் தேங்கி, தன் அழுத்தத்தாலேயே நிற்கும். சலைன் ஏறியதும் பிரஷர் தேறும், வலியும் குறையும். "பரவால்லீங்க, இப்ப தேவல" என்பார். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ ரத்தம் வயிறு முழுக்கக் கொட்டும். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வாய்க்கும் நேரம் இந்த இடைவெளிதான். 'அப்சர்வேஷன்' என்று படுக்கவைத்து அதை வீணாக்கக் கூடாது.

பிரஷரை மட்டும் நம்பாதீர்கள். கர்ப்பிணிக்கு ஒன்றரை லிட்டர் போன பிறகும் அது இறங்காமல் இருக்கலாம். நாடித்துடிப்பை மேல் பிரஷரால் வகுங்கள். துடிப்பு 110, பிரஷர் 100 என்றால் 1.1, 0.9-ஐத் தாண்டினாலே ஆபத்து. கர்ப்பப்பை கல்லாக இறுகி, கீழே ரத்தப்போக்கும் இருந்தால் நஞ்சுக்கொடி பிரிந்திருக்கலாம். கர்ப்பப்பை மெத்தென்று இருக்க, மேல்வயிறு மட்டும் வலித்தால் மேலே தேடுங்கள்.

உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வருவதற்குள் இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவையுங்கள், ஆக்சிஜன் கொடுங்கள், இரண்டு கையிலும் 16 அல்லது 18 கேஜ் ஊசி ஏற்றுங்கள். ரத்தப் பிரிவுக்கும் பொருத்தம் பார்க்கவும் மாதிரி எடுத்துக் கையோடு அனுப்புங்கள். சலைனை அளவோடு ஏற்றுங்கள். லிட்டர் லிட்டராக ஏற்றி 120-ஐத் தொட முயன்றால் உறைந்த கட்டி பெயர்ந்துவிடும். வாய்வழி எதுவும் வேண்டாம், சுக்குக் கஷாயம்கூட.

எங்கே அனுப்புவது? சர்ஜன், மயக்க மருத்துவர், ரத்த வங்கி மூன்றும் ராத்திரியிலும் இருக்கும் இடத்துக்கு. வால்பாறையிலிருந்து பொள்ளாச்சி இறங்க 40 கொண்டை ஊசி வளைவுகள். நடுவழியில் இன்னொரு ஆஸ்பத்திரியில் நிறுத்தி மறுபடி கிளம்ப நேரமில்லை. தாளவாடிக்காரர்களுக்குத் திம்பத்தின் 27 வளைவுகளை இறங்காமலே கர்நாடகத்தின் சாமராஜநகர் போகலாம். மாநில எல்லையைப் பார்த்துத் தயங்க வேண்டாம். வண்டி கிளம்பும்போதே போன் போட்டு, "கர்ப்பிணி, வயிற்றுக்குள் ரத்தக்கசிவு சந்தேகம், ஓ நெகட்டிவ் தயாராக வையுங்கள்" என்று நேராகச் சொல்லுங்கள். 'வயிற்று வலி' என்று சீட்டில் எழுதினால் வரிசையில்தான் நிற்பார்.

பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கையருகே ஸ்கேன். வயிற்றில் ரத்தம் தெரிந்து, பிரஷரும் நிற்காவிட்டால் சி.டி.க்குக் கொண்டுபோகாமல் நேராகத் தியேட்டர். நடுக்கோட்டில் நெடுக வெட்ட வேண்டும். சிசேரியனுக்கான குறுக்கு வெட்டில் மண்ணீரல் எட்டாது. சிசேரியனுக்குத் திறந்து, ரத்தம் நிறைந்திருந்தும் கர்ப்பப்பை நன்றாக இருந்தால் வெட்டை மேலே நீட்டி, இரைப்பைக்குப் பின்னால் பாருங்கள். கணையத்தின் மேல் விளிம்பை ஒட்டித்தான் தமனி ஓடுகிறது. கை எட்டாவிட்டால் உதரவிதானத்துக்குக் கீழே மகாதமனியை அழுத்திப் பிடித்து நேரம் வாங்கலாம். பிறகு புடைப்பின் இரு பக்கமும் கட்டுவது. அது மண்ணீரல் வாயிலில் (ரத்தக்குழாய்கள் மண்ணீரலுக்குள் நுழையும் இடத்தில்) இருந்தால் மண்ணீரலோடு எடுப்பது. மண்ணீரல் போனவருக்கு நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சா பி) தடுப்பூசிகளை இரண்டு வாரம் கழித்துப் போட வேண்டும். பின்னாளில் காய்ச்சல் வந்தால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் இந்தப் புடைப்பு தெரிந்த பெண், குழந்தை பெறும் வயதினர் என்றால், அது எவ்வளவு சிறிதானாலும் கருத்தரிக்கும் முன்பே ரத்தநாள நிபுணரிடம் காட்டி அடைத்துவிடுவது நல்லது. கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் சிரையின் அடைப்பால் சிறு வயதிலிருந்தே மண்ணீரல் வீங்கியிருப்பவர்களுக்கு கர்ப்பத்தின் முதல் பரிசோதனையிலேயே டாப்ளர் (ரத்த ஓட்டம் பார்க்கும் ஸ்கேன்) கேளுங்கள்.