மீன் மட்டும் சாப்பிடுபவர் டிஸ்னி வேர்ல்டில் பசியில்லாமல் சுற்றுவது எப்படி?

ஆடு, மாடு, கோழி, பன்றி எதுவும் வேண்டாம். மீன், இறால், நண்டு என்றால் சரி. இப்படிச் சாப்பிடுகிற பெஸ்கடேரியனா நீங்கள்? ஃப்ளோரிடாவில் ஆர்லாண்டோ பக்கம் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்கு முதல் தடவையாகக் கிளம்புகிறீர்களா? அப்படியென்றால் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

அங்கே மீன் கிடைக்குமா என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். தாராளமாகக் கிடைக்கும். தொல்லை கொடுப்பது மீனோடு கூட வருகிற சாமான்கள்தான். சூப்பில் பேக்கன் (உப்பிட்ட பன்றி இறைச்சி) மிதக்கும், சாதம் சிக்கன் ஸ்டாக்கில் (கோழியை வேகவைத்த சாறு) வெந்திருக்கும், பீன்ஸில் பன்றிக்கொழுப்பு கலந்திருக்கும். மீனைத் தேடுவதை விட இவற்றை விசாரிப்பதில்தான் உங்கள் கவனம் இருக்க வேண்டும்.

படி 1: எது ஆகும், எது ஆகாது என்று கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள்

கோழி பொரித்த அதே எண்ணெயில் பொரித்த மீன் உங்களுக்குச் சரிப்படுமா? இறைச்சி புரட்டிய கல்லில் வாட்டிய இறால்? விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கிற ஜெலட்டின்? இதற்கெல்லாம் ஆளுக்கு ஆள் பதில் மாறும், யாருடையதும் தப்பில்லை. ஆனால் பின்னால் இருபது பேர் வரிசையில் நிற்கும்போது கவுன்ட்டர் முன்னால் நின்று யோசிக்க முடியாது. எண்ணெய் விஷயத்தில் கறாராக இருப்பீர்கள் என்றால், பொரித்ததை அடியோடு மறந்துவிட்டு வாட்டிய மீனுக்குப் போய்விடுங்கள். பாதிக் கேள்விகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

படி 2: மெனுவை ஆப்பிலேயே படித்துவிடுங்கள்

‘மை டிஸ்னி எக்ஸ்பீரியன்ஸ்’ ஆப்பில் ஏறக்குறைய எல்லா உணவகங்களின் மெனுவும் விலையோடு இருக்கிறது. மெனு அடிக்கடி மாறும். அதனால் பழைய வீடியோக்களை நம்பாமல், போகும் வாரத்தில் ஆப்பைத் திறந்து பாருங்கள். இலைச் சின்னம் போட்டிருந்தால் அது முழுக்கத் தாவர உணவு. 2019-இல் கொண்டுவந்த அடையாளம் இது. மீன் இல்லாத இடத்தில் இந்த இலைதான் உங்களுக்குக் கைகொடுக்கும்.

கவுன்ட்டரில் வாங்கிச் சாப்பிடும் கடைகள் பெரும்பாலானவற்றில் மொபைல் ஆர்டர் உண்டு. வரிசையில் நிற்க வேண்டாம் என்பது எல்லோருக்கும் வசதி. நமக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது: பல உணவுகளுக்கு என்னென்ன சேர்கிறது என்று பார்த்து, வேண்டாததை அங்கேயே எடுத்துவிடலாம். சாலட்டிலிருந்து பேக்கனை எடுக்கச் சொல்லி யாரிடமும் விளக்க வேண்டியதில்லை. மதியம் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆர்டர் செய்வார்கள் என்பதால், வாங்கிக்கொள்ளும் நேரத்தைக் காலையிலேயே பிடித்துவிடுங்கள். கடை பக்கத்தில் போனதும் வந்துவிட்டேன் என்று ஆப்பில் அழுத்தினால்தான் சமைக்கத் தொடங்குவார்கள்.

படி 3: ஒரு நாளைக்கு ஒரு வேளை மீன் போதும்

மூன்று வேளையும் மீன் வேண்டும் என்று அலைந்தால் ரைடுக்குப் போக நேரம் இருக்காது. ஒரு வேளையை மட்டும் நல்ல மீன் சாப்பாடாகத் திட்டமிட்டுக்கொள்ளுங்கள். மற்ற வேளைகளுக்கு முட்டை, சீஸ், டோஃபு, இலைச் சின்னம் போட்ட ஏதோ ஒன்று. அந்த மீன் வேளையை மதியத்தில் வைப்பதா இரவில் வைப்பதா என்று கேட்டால், நான் இரவு என்பேன். வறுத்த மீனும் வெண்ணெய் சாஸும் வயிற்றில் இருக்க, ஃப்ளோரிடா வெயிலில் ரோலர் கோஸ்டர் ஏறுவது புத்திசாலித்தனம் இல்லை.

படி 4: எந்தப் பார்க்கில் எங்கே போவது

டிஸ்னி வேர்ல்டுக்குள் மேஜிக் கிங்டம், எப்காட், அனிமல் கிங்டம், ஹாலிவுட் ஸ்டூடியோஸ் என்று நான்கு பார்க்குகள். மேஜிக் கிங்டமில் யோசிக்கவே வேண்டாம், லிபர்ட்டி ஸ்கொயர் பகுதியில் இருக்கும் கொலம்பியா ஹார்பர் ஹவுஸ். கடல் உணவுக்காகவே இருக்கும் கவுன்ட்டர் கடை. மாடியில் உட்கார இடம் உண்டு, கீழே இருக்கும் அளவு சத்தம் இருக்காது. வாட்டிய சால்மன்தான் இங்கே பத்திரமான தேர்வு. பொரித்த மீனும் இறாலும் இருக்கும், ஆனால் கோழியும் அதே கடையில் பொரிபடுகிறது. படி 1-இல் என்ன முடிவு செய்தீர்களோ அதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். நிறையப் பேர் சிக்குவது கிளாம் சௌடரில். பெயரில் சிப்பிதான் இருக்கிறது, பார்க்க வெள்ளை வெளேரென்று பால் சூப் போல இருக்கும். ஆனால் நியூ இங்கிலாந்து பாணியில் செய்யும்போது முதலில் பேக்கனையோ உப்பிட்ட பன்றிக்கொழுப்பையோ உருக்கி, அதில் வெங்காயத்தை வதக்குவதுதான் வழக்கம். மேலே பேக்கன் தூவாமல் தரச் சொன்னாலும் அடியில் இருப்பது அடியிலேயே இருக்கும். இந்தச் சூப்பை எந்த ஊரில் பார்த்தாலும் கேட்காமல் வாங்காதீர்கள்.

எப்காட்தான் நமக்கு விருந்து. 11 நாடுகளின் அரங்குகள் ஏரியைச் சுற்றி இருக்கின்றன. பிரிட்டன் அரங்கில் யார்க்ஷயர் கவுன்ட்டி ஃபிஷ் ஷாப், பெயரிலேயே விஷயம் இருக்கிறது: மீன், சிப்ஸ், அவ்வளவுதான். ஜப்பான் அரங்கில் சுஷி கிடைக்கும். ஜப்பானிய சமையலில் ஒரு நல்ல விஷயம், சைவர்களைத் தொல்லைப்படுத்தும் ‘டாஷி’ என்ற ரசம் பெரும்பாலும் மீனிலும் கடற்பாசியிலும் செய்வது. நமக்கு அதில் பிரச்சினையே இல்லை. மீசோ சூப்பை நிம்மதியாகக் குடிக்கலாம். ராமன் என்ற நூடுல்ஸ் சூப் மட்டும் வேறு கதை, அதன் சாறு பன்றி எலும்பிலோ கோழியிலோ கொதித்திருக்க வாய்ப்பு அதிகம்.

எப்காட்டிலேயே கோரல் ரீஃப் என்று ஒரு உணவகம் உண்டு. 57 லட்சம் காலன் தண்ணீர் கொண்ட பிரம்மாண்டமான மீன் தொட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிடலாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மீன், தட்டிலும் மீன். கொஞ்சம் சங்கடமாக இருந்தால் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்ளுங்கள். இலையுதிர் காலத்தில் போகிறீர்கள் என்றால் ஃபுட் அண்ட் வைன் திருவிழா நடக்கும். சின்னச் சின்னத் தட்டுகளில் இறால், ஸ்கேலப் (ஒரு வகைச் சிப்பி) என்று கடைக்குக் கடை நின்று ருசி பார்க்கலாம். ஒரு வேளைச் சாப்பாடே அதில் முடிந்துவிடும்.

அனிமல் கிங்டமில் பாண்டோரா பகுதியின் சட்டூலி கேன்டீனுக்குப் போங்கள். அடியில் எது, மேலே எது, சாஸ் எது என்று கிண்ணத்தை நீங்களே அமைத்துக்கொள்ளும் முறை. அன்றைக்குக் கடல் உணவு இல்லாவிட்டால் டோஃபு. ஹாலிவுட் ஸ்டூடியோஸ் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பர்கர், சாண்ட்விச் சாம்ராஜ்யம், அங்கே இலைச் சின்னத்தோடு சமாளித்துவிட்டு இரவு வேறு எங்காவது போவது மேல்.

அந்த வேறு எங்காவது, பார்க்குகளுக்கு வெளியே கடைகளும் உணவகங்களுமாக இருக்கும் டிஸ்னி ஸ்பிரிங்ஸாக இருக்கலாம். நுழைவுக் கட்டணமோ பார்க்கிங் கட்டணமோ கிடையாது. போட்ஹவுஸ், பேடில்ஃபிஷ் இரண்டுமே கடல் உணவுக்குப் பேர்போன இடங்கள். அமெரிக்கத் தென்பகுதி உணவுகளைப் பார்த்தால் மட்டும் உஷாராக இருங்கள். ‘ஷ்ரிம்ப் அண்ட் கிரிட்ஸ்’ என்ற இறால், சோளக் கூழ் உணவில் பேக்கனோ ஹாமோ (பதப்படுத்திய பன்றித்தொடை) அடிக்கடி சேரும். கம்போ என்ற குழம்பிலும் ஜம்பலாயா என்ற சாதத்திலும் சாசேஜ் (இறைச்சிக் குழல்) இருப்பது சகஜம்.

படி 5: கவுன்ட்டரில் ஒரே வாக்கியம்

‘ஐ ஆம் பெஸ்கடேரியன்’ என்று மட்டும் சொன்னால் சிலருக்குப் புரியும், சிலர் உங்களுக்கு வெஜிடேரியன் பர்கரைக் காட்டுவார்கள். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘ஃபிஷ் இஸ் ஃபைன். நோ மீட், நோ சிக்கன், நோ பேக்கன், நோ மீட் ஸ்டாக்.’ பேக்கனைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதைத் தாளித்துக் கொட்டுகிற பொருளாகவே நினைத்து, இறைச்சிக் கணக்கில் சேர்க்காதவர்கள் நிறைய. அப்புறம், கூட வரும் பக்க உணவைப் பற்றியும் கேளுங்கள். மீனில் ஒன்றும் இருக்காது, பக்கத்தில் இருக்கும் பீன்ஸில் ஹாம் துண்டு கிடக்கும்.

ஒவ்வாமை இல்லாதபோது இருக்கிறது என்று பொய் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் சமையலறையில் தனியாகக் கவனம் எடுத்துச் செய்வார்கள், நேரமும் ஆகும். உண்மையிலேயே இறால் ஒவ்வாமை இருப்பவருக்கு அந்தக் கவனம் தேவை. உங்களுக்கே அது இருந்தால் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.

இனிப்பிலும் ஒரு கண் வேண்டும். மிக்கி வடிவத்தில் அழகாகத் தொங்கும் ரைஸ் கிரிஸ்பி இனிப்பில் மார்ஷ்மெல்லோ இருக்கிறது. மார்ஷ்மெல்லோவில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும்.

படி 6: உட்கார்ந்து சாப்பிடும் இடத்துக்கு முன்பதிவு

மேசையில் பரிமாறும் உணவகங்களுக்கு 60 நாட்களுக்கு முன்பே பதிவு திறந்துவிடும். கோரல் ரீஃப் போன்ற இடம் வேண்டும் என்றால் அன்றைக்கே பிடியுங்கள். போகவில்லை என்றால் பல இடங்களில் ஆளுக்கு 10 டாலர் பிடிப்பார்கள். திட்டம் மாறினால் முன்கூட்டியே ரத்து செய்துவிடுங்கள். பஃபே என்றால் சமையல்காரரிடமே கேட்கலாம், ஆனால் எல்லாப் பாத்திரத்துக்கும் ஒரே கரண்டி போய்வருவதைத் தடுக்க முடியாது.

படி 7: பையில் கொஞ்சம் வைத்திருங்கள்

வெளியிலிருந்து உணவு கொண்டுவர பார்க்குகளில் அனுமதி உண்டு. கண்ணாடிப் பாத்திரம் கூடாது, சூடாக்க வேண்டிய உணவும் கூடாது. கூலர் கொண்டுபோனால் உதிரி ஐஸ் போடாமல் ஐஸ் பேக் வையுங்கள். பையில் அடைத்து வரும் டூனா, பிஸ்கட், வேர்க்கடலை இருந்தால் ஹாலிவுட் ஸ்டூடியோஸ் நாள் கூட ஓடிவிடும். டூனாவைப் பிரிக்கும்போது மட்டும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டாம், கவுன்ட்டர் கடைகளில் கேட்டால் ஐஸ் தண்ணீர் இலவசமாகத் தருவார்கள்.

மிச்சமான சால்மனையோ இறாலையோ பையில் கட்டி வைத்துக்கொண்டு சாயங்காலம் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள். சமைத்த உணவு வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெயில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். கோடையில் ஆர்லாண்டோ அதை மதியத்துக்கு முன்பே தொட்டுவிடும்.