விலா எலும்புக்குப் பின்னால் ஒளியும் புள்ளி: டூயல் எனர்ஜி எக்ஸ்ரேயில் நாட்யூல் தேடும் முறை

எக்ஸ்ரே அறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். நுரையீரலில் உருண்டையாகத் தெரியும் நிழல் 3 செ.மீ. வரை இருந்தால் நாட்யூல், அதைத் தாண்டினால் மாஸ். சின்ன நாட்யூல் நம் கண்ணுக்குத் தப்புவதற்கு முக்கியமான காரணம், விலா எலும்போ காறை எலும்போ அதன்மேல் விழுந்து மறைப்பதுதான்.

டூயல் எனர்ஜியில் ஒரு நொடிக்குள் இரண்டு ஷாட் விழும், ஒன்று ஏறக்குறைய 60 கேவி (கிலோவோல்ட், கதிரின் எனர்ஜியைத் தீர்மானிக்கும் அளவு), இன்னொன்று 120 கேவி. குறைந்த எனர்ஜிக் கதிரை எலும்பிலுள்ள கால்சியம் அதிகமாக விழுங்கும், சதை அவ்வளவு விழுங்காது. அந்த வித்தியாசத்தைக் கம்ப்யூட்டர் கழித்துப் பார்த்து வழக்கமான படத்தோடு எலும்பு நீக்கிய படம், எலும்புப் படம் என்று மொத்தம் மூன்று தரும்.

முதல் வேலை, ஆளைத் தயார் செய்வது. பாதி தப்பு இங்கேதான் நடக்கிறது. நாகர்கோவில், குளச்சல் பக்கம் வேலை என்றால் சங்கிலியைக் கழற்றினால் மட்டும் போதாது, கடற்கரைக்காரர்கள் கழுத்தில் உத்தரியமோ (கிறிஸ்தவர்கள் கயிற்றில் கோத்துப் போடும் சின்னத் துணி) சிலுவையோ கிடக்கும், கேட்டால்தான் நினைவு வரும். பெண்களின் பின்னலைத் தூக்கிக் கொண்டை போடச் சொல்லுங்கள். தோளில் கிடந்த ஈரப் பின்னலின் நிழலை நுரையீரல் உச்சியில் ஏதோ இருக்கிறது என்று நினைத்து டாக்டரிடம் ஓடியவன் நான்.

அப்புறம் 6 அடி தூரம், நெஞ்சு டிடெக்டரில் (படம் பதியும் தட்டு) ஒட்ட, கை இடுப்பில், முழங்கை முன்னால். அப்போதுதான் தோள்பட்டை எலும்பு விலகும். மூச்சை ஒத்திகை பாருங்கள். "இழுத்துப் பிடிங்க பாட்டா" என்றதும் ஒரு பாட்டா முழுசாக ஊதிவிட்டு விறைப்பாக நின்றார்! உதரவிதானத்துக்கு மேலே பின்பக்க விலா 9, 10 எண்ண முடிந்தால் மூச்சு சரி. இரண்டு ஷாட்டுக்கு நடுவே அசைந்தால் கழித்த படத்தில் ஓரங்களில் கோடு விழும். ஆள் அசையாவிட்டாலும் இதயம் துடிக்குமே, அதனால் இடப்பக்கம் இதய ஓரத்தில் தெரிவதை உடனே நம்பாதீர்கள்.

அதே பாட்டாதான் "ரெண்டு தடவ அடிச்சா கெடுதலா மக்களே?" என்றும் கேட்டார். மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற கதிர்வீச்சுள்ள கனிமம் கிடக்கும் மாவட்டம், கதிர்வீச்சு என்ற பேச்சு இங்கே புதிதில்லை. சாதாரண எக்ஸ்ரேயைவிடக் கொஞ்சம் கூடுதல், சிடி ஸ்கேனைவிட ரொம்பக் குறைவு என்று சொல்லுங்கள், போதும்.

இனி படம் பார்ப்பது. வழக்கமான படத்தைத்தான் முதலில் திறக்க வேண்டும். இரண்டு உச்சி, இதயத்துக்குப் பின்னால், உதரவிதானத்துக்குக் கீழே மறையும் நுரையீரல் என்று ஒளிந்துகொள்ளும் இடங்களைப் பாருங்கள். பிறகு எலும்பு நீக்கிய படம். சந்தேக நிழல் அதில் இன்னும் பளிச்சென்று நின்று, எலும்புப் படத்தில் இல்லையென்றால் கால்சியம் இல்லாத நாட்யூலாக இருக்கலாம், அதுதான் கவனிக்க வேண்டியது. எலும்புப் படத்தில் தெரிந்தால் கால்சியம் இருக்கிறது: பழைய டிபி தழும்போ, விலா முறிந்து கூடிய இடமோ. முலைக்காம்பு நிழல் என்று தோன்றினால் சின்ன உலோக மார்க்கர் ஒட்டி இன்னொரு படம் எடுத்தால் தெரிந்துவிடும்.

ஒரு ஷாட்டிலேயே எலும்பை அழிக்கும் சாஃப்ட்வேரும் இருக்கிறது. அது கற்றுக்கொண்டதை வைத்து ஊகிப்பது, கால்சியத்தை அளப்பதில்லை. அந்தப் படத்தை மட்டும் வைத்து நான் எதையும் சொல்ல மாட்டேன். சந்தேக இடத்தைச் சுற்றி ஏஐ போடும் கட்டத்தையும் நீங்கள் பார்த்து முடித்த பிறகே திறங்கள், இல்லாவிட்டால் கண் அந்தக் கட்டத்தைவிட்டு நகராது.

நோயாளியிடம் "கட்டி" என்ற வார்த்தையைச் சொல்லிவிடாதீர்கள், அது டாக்டர் சிடி பார்த்துச் சொல்ல வேண்டியது. படம் சுத்தமாக இருந்தாலும், பீடி குடிப்பவர் சளியில் ரத்தம் என்றால் அதையும் சீட்டில் எழுதுங்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய எக்ஸ்ரே வீட்டில் கிடக்கிறதா என்று கேளுங்கள், பீரோவுக்கு மேலே பத்து வருடத்துப் படமாவது இருக்கும்.