நாய்க்குக் கடி பொம்மையா? முதலில் நகத்தால் அழுத்துங்கள்

கடிக்கிற பொம்மை எதுவானாலும் வாங்குவதற்கு முன் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், லேசாகத் தடம் விழுந்தால் சரி, நகம்தான் வலிக்கிறது என்றால் அங்கேயே வைத்துவிடுங்கள். நாய்ப் பல்லின் எனாமல் நம்முடையதைவிட மெல்லியது. மான்கொம்பு, காய்ந்த எலும்பு, கெட்டி நைலான் மாதிரியானவற்றை முழுப் பலத்தோடு கடிக்கும்போது மேல்வரிசையில் கன்னத்தையொட்டி இருக்கிற பெரிய பல் பட்டையாகப் பெயர்ந்துவிடும், சில சமயம் உள்ளே நரம்பு வரைக்கும். பல் உடைந்தாலும் பெரும்பாலான நாய்கள் வழக்கம்போலவே சாப்பிடும் என்பதால் நமக்குச் சீக்கிரம் தெரியவும் தெரியாது.

அப்புறம் அளவு. பந்து கோரைப்பற்களைத் தாண்டி உள்ளே போகிற அளவில் இருந்தால் வேண்டாம், எச்சில் பட்டு வழுக்கித் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். வீட்டில் இரண்டு நாய் இருந்தால் பெரியதன் வாய்க்குத்தான் அளவு பார்க்க வேண்டும்.

பால்பல் விழாத குட்டிக்கு இந்த நகச் சோதனையை நம்ப வேண்டாம், அதற்கு இன்னும் மெத்தென்ற ரப்பர் வேண்டும். துணி பொம்மை, கயிறு பொம்மைக்கும் இது உதவாது: அங்கே ஆபத்து கடினத்தில் இல்லை, பிய்ந்து வருகிற நூலில் இருக்கிறது, விழுங்கிய நீள நூல் குடலைச் சுருக்கி இழுத்து அறுவை சிகிச்சை வரை கொண்டுபோகும். பொத்தான் கண்ணும் உள்ளே இருக்கிற விசிலும் அதே கதைதான். பொம்மையைக் கிழித்துத் தின்கிற நாய் என்றால் ரப்பரையும் கூட இருந்துதான் கொடுக்க வேண்டும், துண்டு பெயரத் தொடங்கியதும் எடுத்துப் போட்டுவிடுங்கள்.