"பார்த்துப் போ" மட்டும் போதாது

வாசலில் நின்று "பார்த்துப் போ" என்றால் பிள்ளைக்குச் சாலையில் எதைப் பார்ப்பதென்று தெரியாது.

எல்.கே.ஜி., யு.கே.ஜி. வயதில் கைபிடித்தே நடக்க வேண்டும். விரலை அல்ல, மணிக்கட்டைப் பிடியுங்கள், விரல் நழுவும்.

ஆறிலிருந்து ஒன்பது வயதுக்குள்தான் உண்மையான பயிற்சி. வண்டி கண்ணுக்குத் தெரியும், அதன் வேகம் பிடிபடாது. அதனால் உடன் நடந்தபடியே, "இப்போது கடக்கலாமா?" என்று கேட்டு அவர்களையே முடிவு சொல்லச் செய்யுங்கள். இங்கே வண்டிகள் இடப்பக்கம் ஓடுவதால் முதலில் வலது, பிறகு இடது, மீண்டும் வலது. (ஒருவழிச் சாலையிலும் இருபுறமும் பார்க்கட்டும்; எதிரே பைக் வராத ஊர் எது?) பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கியதும் அதன் முன்னால் ஓடக் கூடாது, அது நகர்ந்து போன பிறகே கடக்க வேண்டும்.

பைக்கில் நான்கு வயதைத் தாண்டிய பிள்ளைக்கும் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம். அப்பா தலையில் மட்டும் கவசம் இருப்பதை எந்தப் பள்ளி வாசலிலும் காணலாம்.

பதின்வயதில் பேச வேண்டியது வண்டிச் சாவியைப் பற்றி. 16 வயதில் 50 சிசிக்கு மேற்படாத கியரில்லா வண்டிக்குத்தான் உரிமம்; மற்றவற்றுக்கு 18. மீறினால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் கிடைக்கலாம்.