கடவுளை வணங்காத தரப்புக்கு என்ன கொடுப்பது? வியூக விளையாட்டு வடிவமைக்கத் தொடங்குவோருக்கு ஒரு செய்முறை

என் அப்பா நாளிதழைப் பிரித்ததும் முதலில் தேடுவது எங்கள் குமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறை அணையின் நீர்மட்டத்தை. முழு அளவு 48 அடி. இன்று எத்தனை அடி, உள்வரத்து எவ்வளவு, திறந்துவிட்டது எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் தலைப்புச் செய்திக்கு வருவார். கும்பப்பூ என்னும் இரண்டாம் போக நெல் நடவு நேரத்தில் அந்த எண்ணை இரண்டு மூன்று தடவை வாசிப்பார். மழை வேண்டிக் கோயிலில் அர்ச்சனையும் செய்வார். அது ஒரு வேலை, இது ஒரு வேலை. இரண்டையும் அவர் குழப்பிக்கொண்டதே இல்லை.

கற்பனை உலக வியூக விளையாட்டு ஒன்றுக்காகக் கடவுளை வணங்காத ஒரு தரப்பை உருவாக்க உட்கார்ந்து, பல வாரம் முட்டி மோதிய பிறகு எனக்கு வழி காட்டியது அந்த நீர்மட்டப் பெட்டிச் செய்திதான். அந்தத் தரப்பை உருவாக்கிய முறையைப் படிப்படியாக இங்கே சொல்கிறேன். உங்களுக்குக் கணினி நிரல் தெரிய வேண்டாம். காகிதம், பென்சில், கத்தரிக்கோல், கொஞ்சம் புளியங்கொட்டை போதும்.

முதலில் எங்கள் விளையாட்டின் அடிப்படை. அறுகோணக் கட்டங்கள் கொண்ட ஒரு வரைபடம், மூன்று தரப்புகள். மழைச் சீட்டுகள் 12. முதல் போகமான கன்னிப்பூவுக்கு 6, கும்பப்பூவுக்கு 6. எங்கள் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே கிடைப்பதால் இந்தப் பிரிவினை இயல்பாக வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மழைச் சீட்டைத் திறக்க வேண்டும்: வறட்சி, தூறல், நல்ல மழை, வெள்ளம் இவற்றில் ஒன்று வரும். இரண்டு தரப்புகளுக்குக் கோயில்கள் உண்டு. ஒரு கோயில் சுற்றுக்கு 2 அருள் தரும். 6 அருள் செலவிட்டால், திறந்த மழைச் சீட்டை அடியில் தள்ளிவிட்டு அடுத்ததைத் திறக்கலாம்.

மூன்றாவது தரப்புக்கு நான் முதலில் எழுதியது இதுதான்: “அருள் கிடையாது. ஆராய்ச்சி வேகம் 20 சதவீதம் அதிகம்.” தொடங்குபவர்களில் பெரும்பாலானோர் எழுதுவதும் இதைத்தான். இதை எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். ஓர் இல்லாமையையும் ஒரு சதவீதத்தையும் ஒட்டவைத்தால் அது மக்கள் கூட்டம் ஆகாது. ஆடுபவர் அந்த 20 சதவீதத்தைக் கையால் தொட்டு உணரப்போவதில்லை.

படி 1: எந்த வகையான மறுப்பு என்று முடிவு செய்யுங்கள்

நிஜ உலகில் கடவுள் உண்டா என்பது விவாதம். கற்பனை உலகில் பூசாரி கையை உயர்த்தினால் மழை மாறுகிறது. எல்லோரும் கண்ணால் பார்க்கிறார்கள். அந்த உலகில் போய் “கடவுள் இல்லை” என்று ஒரு தரப்பு சொன்னால் அது வெறும் பிடிவாதமாகத் தெரியும். ஆகவே இதை முதலிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். என் தரப்பு தெய்வத்தை மறுக்கவில்லை. “இருக்கலாம், ஆனால் அவரிடம் நாங்கள் கடன்படுவதில்லை” என்பது அவர்கள் நிலை. இந்த ஒரு வரியிலிருந்து பின்னால் வரும் எல்லா விதிகளும் பிறந்தன.

இந்த மாதிரிச் சிந்தனை வெளியிலிருந்து இறக்குமதியானதும் அல்ல. மணிமேகலைக் காப்பியத்தில், சமயக் கணக்கர்களிடம், அதாவது பல சமய அறிஞர்களிடம், அவரவர் கொள்கையைக் கேட்கும் காதையில், பொருள்களே எல்லாவற்றுக்கும் அடிப்படை என்னும் பூதவாதியும் ஒருவனாக நின்று பேசுகிறான். தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் சேரும்போது களிப்பு பிறப்பது போல, நிலம், நீர் முதலான பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது என்கிறான். பொருள்கள் கூடினால் புதியது பிறக்கும் என்ற அந்த எண்ணத்தை அப்படியே விளையாட்டு விதியாக மாற்றலாம். நான் வேறு வழியில் போனாலும் பெயரை அங்கிருந்து எடுத்துக்கொண்டேன்: அவர்கள் சமயக் கணக்கர், இவர்கள் நீர்க்கணக்கர்.

படி 2: நம்பிக்கை செய்யும் வேலைகளைப் பட்டியலிடுங்கள்

உங்கள் விளையாட்டில் மதம் என்னென்ன வேலை செய்கிறது? ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற கணினி விளையாட்டில் துறவி காயத்தை ஆற்றுவார், எதிரி வீரரைத் தன் பக்கம் இழுப்பார், புனிதப் பொருளை மடத்தில் சேர்த்துப் பொன் ஈட்டித் தருவார். மூன்றும் வேறு வேறு வேலைகள். கோயிலுக்குப் பதில் நூலகம், அருளுக்குப் பதில் அறிவு என்று பலகையை மட்டும் மாற்றி எழுதினால் அதே துறவிதான் வேறு சட்டையில் வருவார்.

ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக விடை தேடுங்கள். சிலவற்றுக்கு விடையே இல்லாமல் விட்டாலும் நல்லதுதான். எண்ட்லெஸ் லெஜண்ட் என்ற இன்னொரு கணினி விளையாட்டில் ஒரு தரப்பு உணவே உண்பதில்லை. மற்றவர்கள் செல்வமாகப் பயன்படுத்தும் பொருளைக் கொண்டுதான் மக்களைப் பெருக்க வேண்டும். இன்னொரு தரப்பால் போரே அறிவிக்க முடியாது. அந்த இடைவெளிகளால்தான் அவை ஆடுபவர் மனத்தில் நிற்கின்றன.

படி 3: ஒரு வினைச்சொல்லைக் கண்டுபிடியுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். தனித்தன்மை என்பது எண் அல்ல. அந்தத் தரப்பால் மட்டுமே செய்ய முடிகிற ஒரு செயல். கோயில் உள்ள தரப்புகளின் வினை “மாற்று”. அவர்கள் மழையை மாற்றுகிறார்கள். நீர்க்கணக்கரால் அது முடியாது. அவர்களுடைய வினை என்ன?

விடை எனக்குக் கிடைத்தது குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரையில். வள்ளத்தின் நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், ஜி.பி.எஸ். வருவதற்கு முன் நடுக்கடலில் பாரை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். பார் என்றால் கடலடிப் பாறைத்திட்டு. மீன் கூடும் இடம். அவர் வலையூசியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளின் ஆள்காட்டி விரல்களையும் முகத்துக்கு நேரே ஒன்றன் பின் ஒன்றாக நிறுத்தினார். முன் விரல் கரையில் இருக்கும் தேவாலயக் கோபுரம், பின் விரல் தூரத்து மலைமுடி. கோபுரம் மலைக்கு நேரே வந்தால் நாம் ஒரு கோட்டின் மேல் இருக்கிறோம். பிறகு உடம்பைச் சற்றுத் திருப்பி, இன்னொரு திசையில் அதே போல விரல்களைப் பிடித்தார். அங்கேயும் ஒரு மரமும் ஒரு குன்றும் நேராக வந்தால் இரண்டாவது கோடு. இரண்டு கோடுகளும் வெட்டும் இடம்தான் பார். “ஒன்று மட்டும் தெரிந்தால் பாதி தெரிந்தது மாதிரி” என்றார்.

அன்று மாலையே விதியை எழுதிவிட்டேன். நீர்க்கணக்கரின் வினை “அறி”. மழையை அவர்களால் மாற்ற முடியாது. வரப்போவதை முன்கூட்டியே அறிய முடியும்.

அளவுக்கல்: விலை 3 கல். உங்களிடம் ஓர் அளவுக்கல் இருந்தால், அடுத்த மழைச் சீட்டு ஈரமா வறட்சியா என்று மட்டும் கேட்கலாம். ஒரே நேர்க்கோட்டில் இரண்டு குறிகள் இருந்தால், அந்தச் சீட்டையே எடுத்துப் பார்க்கலாம்.

மடை: சீட்டைத் திறப்பதற்கு முன், உங்கள் மடைகளைத் திறப்பதா அடைப்பதா என்று முடிவு செய்யுங்கள். அடைத்திருந்து நல்ல மழை வந்தால் 3 நீர் சேரும். திறந்திருந்து வெள்ளம் வந்தால் ஒரு வயல் போகும். சேர்த்த நீரை வறட்சியில் வயலுக்கு விடலாம்.

இங்கே “இரண்டு குறிகள்” என்று எழுதியதைக் கவனியுங்கள். இரண்டாவது குறி அளவுக்கல்லாகவே இருக்க வேண்டியதில்லை. சமாதானமாக உள்ள அண்டை நாட்டின் கோயில் கோபுரமாகவும் இருக்கலாம். அந்தப் பெரியவர் கோபுரத்தை வைத்துத்தானே கடலில் வழி கண்டார்! கோபுரம் ஒருவருக்குத் தொழும் இடம், இன்னொருவருக்குத் திசை காட்டும் இடம். இந்த ஒரு விதியால் நீர்க்கணக்கருக்கும் கோயில் மக்களுக்கும் இடையே வெறும் பகை என்ற நிலை போய், உறவு ஒன்று உருவானது. கோபுரத்தை இடித்தால் தன் கண்ணைத் தானே குத்திக்கொள்வதாக ஆகும். நாத்திகத் தரப்பு என்றாலே கோயிலைக் கொளுத்தும் கூட்டம் என்று காட்டும் சோம்பேறித்தனத்துக்கு இங்கே இடமே இல்லாமல் போய்விட்டது. எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்த விதி இதுதான்.

படி 4: பலத்தின் வேரிலிருந்தே பலவீனத்தை எடுங்கள்

“படைபலம் 10 சதவீதம் குறைவு” என்று வேறெங்கிருந்தோ ஒரு பலவீனத்தைக் கொண்டுவந்து ஒட்டாதீர்கள். நீர்க்கணக்கரின் பலம் முன்னறிவு என்றால், அந்த முன்னறிவு பொய்க்கும் தருணமே அவர்கள் பலவீனம். அது ஏற்கெனவே விளையாட்டில் இருக்கிறது: பூசாரியின் வேண்டுதல். அடுத்தது வறட்சி என்று பார்த்து மடையைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். பக்கத்து நாட்டார் 6 அருள் செலவழித்து அந்தச் சீட்டைத் தள்ளிவிடுகிறார். வருவது வெள்ளம். உங்கள் வயல் போயிற்று.

ஆகவே ஓர் ஒப்பந்த விதி சேர்த்தேன். சமாதானத்தில் உள்ள தரப்பு, வேண்டுதல் செய்யப் போகிறதா என்பதை மடை முடிவுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். போர் மூண்டால் சொல்ல வேண்டியதில்லை. நீர்க்கணக்கருக்குப் போர் ஏன் வலிக்கும் என்பதை விளக்க வேறு எதுவும் எழுதத் தேவைப்படவில்லை.

படி 5: மதமாற்றத்தை முற்றாகத் தடுக்காதீர்கள்

“இவர்களை மதம் மாற்ற முடியாது” என்று எழுத ஆசை வரும். எழுதினால் எதிரில் உட்கார்ந்திருப்பவரின் பூசாரிக்கு வேலையே இல்லை. அவருக்கு விளையாட்டே சலித்துவிடும். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 கூடத் துறவியை முற்றாக முடக்கவில்லை. அங்கே ஓர் ஆராய்ச்சியைச் செய்தால் மதமாற்றம் கடினமாகும். இன்னொன்றைச் செய்தால் மாற்றப்பட்ட வீரர் எதிரிக்குக் கிடைக்காமல் இறந்துபோவார்.

எங்கள் விதி: நீர்க்கணக்கர் ஒருவர் மதம் மாறினாலும் கற்ற கணக்கு மறக்காது. மாற்றிய தரப்பும் இனி சுற்றுக்கு ஒருமுறை “ஈரமா வறட்சியா” என்று கேட்கலாம். இதனால் கணக்கர்கள் எல்லோருக்கும் வேண்டியவர்களாகிறார்கள். அவர்களைக் கொல்வதைவிடக் கவர்வதே லாபம்.

படி 6: சொற்களை வேலை செய்கிறவர்களிடமிருந்து எடுங்கள்

சீட்டில் “பகுத்தறிவு +3” என்று எழுதாதீர்கள். அந்த மக்கள் தங்களைப் பற்றித் தாங்களே அப்படிப் பேச மாட்டார்கள். மடை, சானல் (வாய்க்கால்), வரப்பு, உள்வரத்து, கன்னிப்பூ, கும்பப்பூ போன்ற சொற்கள் போதும். கட்டடங்களுக்கும் அப்படியே. மாத்தூரில் 1966-இல் கட்டிய தொட்டிப்பாலம் 28 தூண்களின் மேல் ஒரு மலைப்பகுதியிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது. எங்கள் வரைபடத்திலும் ஒரு தொட்டிப்பாலம் உண்டு. அண்டை நாட்டின் கட்டத்துக்கு மேலே நீர் கொண்டுபோக அது ஒன்றே வழி.

படி 7: ஆடிப் பாருங்கள், திருத்துங்கள்

எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கல்லூரி மாணவர்கள் நால்வரோடு ஆடினோம். நீருக்குப் புளியங்கொட்டை, மடைக்குத் தீக்குச்சி. முதல் விதியில், எத்தனை அளவுக்கல் வைக்கிறீர்களோ அத்தனை சீட்டுகளை முன்னால் பார்க்கலாம் என்று விட்டிருந்தேன். நான்காம் சுற்றில் ஒருவர் ஐந்து சீட்டுகளைப் பார்த்துவிட்டு நோட்டை எடுத்துக் கணக்குப் போட உட்கார்ந்தார். மற்ற மூவரும் வாசலுக்குப் போய்விட்டார்கள். இப்போது எத்தனை அளவுக்கல் இருந்தாலும் அடுத்த ஒரு சீட்டை மட்டுமே பார்க்க முடியும். அறிவுக்கு எல்லை வைத்த பிறகுதான் ஆட்டத்தில் பதற்றம் வந்தது.

ஆழ்ந்த பக்தி உள்ள ஒருவரையும் இந்தத் தரப்பை ஆட வையுங்கள். இது முக்கியம். நான் என் அத்தையைக் கேட்டுக்கொண்டேன். ஒரு நாளும் சாயங்கால விளக்கு தவறாதவர். நீர்க்கணக்கரை எடுத்துப் பொறுமையாக ஆடினார். இரண்டு கற்களை நேர்க்கோட்டில் வைப்பதில் மாணவர்களைவிடக் கெட்டிக்காரராக இருந்தார். ஏழாம் சுற்றில் எதிரியின் படை வந்து, கல்லைக் காத்து நின்ற கணக்கரைக் கொன்றது. நான் வில்லையை எடுத்துப் பெட்டியில் போட்டேன்.

“இவர்கள் ஊரில் ஒருவர் இறந்தால் ஒன்றுமே செய்ய மாட்டார்களா?” என்று அத்தை கேட்டார்.

சாவு என்ற ஒன்றுக்கு என் பட்டியலில் விடையே இல்லை. படி 2-இல் அதை நான் எழுதியிருக்கவே இல்லை. அன்றிரவு ஒரு சீட்டு சேர்ந்தது. கணக்கர் இறந்தால் அவருடைய அளவுக்கல்லின் மேல் ஒரு மஞ்சள் புளியங்கொட்டை வைக்க வேண்டும், அது விளக்கு. விளக்கு எரியும் ஒரு சுற்று மட்டும், ஆள் இல்லாமலேயே அந்தக் கல் அடுத்த மழையைச் சொல்லும். அதற்குள் இன்னொரு கணக்கர் நடந்து வந்து சேர்ந்தால் கல் அவருடையது. வராவிட்டால் விளக்கை எடுத்துவிட வேண்டும்.

அடுத்த ஞாயிறு அத்தை மறுபடி ஆடினார். விளக்கு வைத்ததும், தொலைவில் தொட்டிப்பாலத்தில் நின்ற கணக்கரை அந்தக் கல்லை நோக்கி நகர்த்தத் தொடங்கினார்.