வோட்கா கிரான்பெர்ரி: பெரும்பாலான தவறுகள் ஜூஸில்தான்

வோட்கா, கிரான்பெர்ரி என்ற புளிப்பும் துவர்ப்புமான சிவப்புச் சிறுபழத்தின் ஜூஸ், ஐஸ், ஒரு துண்டு எலுமிச்சை. 'கேப் காடர்' என்ற இந்தக் காக்டெயிலில் அவ்வளவுதான். குறையை மூடி மறைக்க வேறு பொருள் எதுவும் இல்லாததால், ஒன்று பிசகினாலும் முதல் வாயிலேயே நாக்கு சொல்லிவிடும்.

அளவு இது: வோட்கா 45 மி.லி., ஜூஸ் 120 மி.லி., எட்டாக நறுக்கிய எலுமிச்சையில் ஒரு துண்டு. 300 மி.லி. பிடிக்கும் உயரமான கிளாஸ்.

பெயரைப் பார்த்து, கேப் காட் மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடித்துவந்த பானம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. கேப் காட் என்பது அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் கடலுக்குள் வளைந்து நீளும் தீபகற்பம். அங்கே டென்னிஸ் என்ற ஊரில் 1816 வாக்கில் ஹென்றி ஹால் என்பவர் கிரான்பெர்ரியைப் பயிரிடத் தொடங்கினார். 1930இல் விவசாயிகள் சேர்ந்து ஓஷன் ஸ்ப்ரே கூட்டுறவை உருவாக்கினார்கள். அந்தக் கூட்டுறவுதான் 1945இல் இந்தக் கலவையை 'ரெட் டெவில்' என்ற பெயரில் முன்வைத்தது. கேப் காடர் என்ற பெயர் பிறகு வந்தது.

1959 நவம்பர் 9இல் ஒரு பேரிடி விழுந்தது. விளைச்சலின் ஒரு பகுதியில் அமினோட்ரையசோல் என்ற களைக்கொல்லியின் எச்சம் இருப்பதாக அமெரிக்க சுகாதாரத் துறைச் செயலர் ஆர்தர் ஃபிளெமிங் அறிவித்தார். அமெரிக்கர்கள் கிரான்பெர்ரி சாஸோடு விருந்துண்ணும் நன்றி நவிலும் நாளுக்குச் (Thanksgiving) சில வாரங்களே இருந்தன, விற்பனை படுத்துவிட்டது. ஒரு பண்டிகையை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது என்று புரிந்த விவசாயிகள், ஆண்டு முழுக்க விற்கக்கூடிய ஜூஸின் பக்கம் முழுமூச்சாகத் திரும்பினார்கள்.

செய்முறையைப் புரிந்துகொள்ள இந்த வரலாறு அவசியம். இந்தப் பானம் பிறந்ததே பாட்டில் ஜூஸை விற்கத்தான். அந்தப் பாட்டிலில் இருப்பது முழுச் சாறு அல்ல. சுமார் 27 சதவீதம் சாறு, மீதி தண்ணீரும் சர்க்கரையும். 120 மி.லி. என்ற அளவு அதற்காகச் சொன்னது. 'சர்க்கரை சேர்க்காதது, உடம்புக்கு நல்லது' என்று 100 சதவீதச் சாற்றை வாங்கி அதே அளவு ஊற்றினால் வாயில் வைக்க முடியாது. புளிப்பைவிடத் துவர்ப்புதான் ஆளை அடிக்கும். நாக்கும் ஈறும் வறண்டு இழுக்கும். அந்தச் சாறுதான் கையில் இருக்கிறது என்றால் சாறு 30 மி.லி., தண்ணீர் 75 மி.லி., சர்க்கரையும் தண்ணீரும் சம எடையில் கரைத்த பாகு 20 மி.லி. என்று கலந்துகொள்ளுங்கள். சரியாக வரும்.

இன்னொரு பொறி, லேபிளில் '100 சதவீதம் ஜூஸ்' என்று போட்டு உள்ளே ஆப்பிள், திராட்சைச் சாறு கலந்திருப்பது. சிவப்பாக இருக்கும், இனிக்கும், ஆனால் துவர்ப்பே இருக்காது. அந்தத் துவர்ப்பு இல்லாவிட்டால் இது வெறும் இனிப்புத் தண்ணீர். வாங்கும் முன் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள்.

ஜூஸை அறை வெப்பத்தில் வைத்து ஊற்றுவதும் பெரிய தவறு. 30 டிகிரியில் இருக்கும் 120 மி.லி. ஜூஸ் குளிர்வதற்குள் சுமார் 45 கிராம் ஐஸைக் கரைத்துவிடும், அதாவது வோட்கா எவ்வளவோ அவ்வளவு தண்ணீர். ஃபிரிட்ஜில் 5 டிகிரியில் வைத்திருந்தால் 8 கிராம்கூடக் கரையாது. ஐஸைக் கஞ்சத்தனமாக இரண்டு கட்டி போடாமல் கிளாஸ் நிறையப் போடுங்கள்.

ஊற்றும் வரிசையும் முக்கியம். வோட்கா தண்ணீரைவிட லேசானது. சர்க்கரை கலந்த ஜூஸ் கனமானது. கடைசியில் வோட்காவை ஊற்றினால் மேலேயே நிற்கும், முதல் வாய் நெருப்பாக இறங்கும். முதலில் வோட்கா, அதன்மேல் ஜூஸ். கனமான ஜூஸ் கீழே இறங்கும்போதே பாதி கலந்துவிடும். நீளமான ஸ்பூனால் அடியிலிருந்து இரண்டு மூன்று முறை தூக்கிவிட்டால் போதும். ஷேக்கரில் போட்டுக் குலுக்கினால் நுரை கட்டி நிறம் மங்கும்.

எலுமிச்சையை விதை நீக்கி, மெதுவாக ஒருமுறை பிழிந்து உள்ளே போடுங்கள். சக்கையாகும்வரை நசுக்கினால் தோலின் கசப்பு இறங்கிவிடும். பாட்டில் எலுமிச்சைச் சாறு வேண்டாம். தோலின் மணம் அதில் வராது.

வோட்காவைக் கண்ணளவில் ஊற்றாதீர்கள். இனிப்பும் புளிப்பும் காரத்தை மறைப்பதால் அளவு கூடியது தெரியாது. இந்தியாவில் பரவலாகக் கிடைக்கும் 42.8 சதவீத வோட்காவில் ஒரு லார்ஜ், அதாவது 60 மி.லி., ஊற்றினால் சுமார் 20 கிராம் ஆல்கஹால் உள்ளே போகிறது. ஜிக்கர் என்ற அளவுக் கிண்ணத்தால் அளந்து ஊற்றுங்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் இதைத் தொடவே வேண்டாம்; மதுவோடு கிரான்பெர்ரியும் அந்த மருந்துக்கு ஆகாது.

ஜூஸை 90 மி.லி. ஆகக் குறைத்து 30 மி.லி. ஆரஞ்சுச் சாறு சேர்த்தால் அதற்குப் பெயர் மெட்ராஸ். நம் ஊர் மெட்ராஸ் கட்டம்போட்ட துணியிலிருந்து வந்த பெயர் என்பார்கள். ஆரஞ்சுக்குப் பதில் கிரேப்ஃப்ரூட் (பம்ப்ளிமாஸ் போன்ற பழம்) சாறு சேர்த்தால் சீ பிரீஸ். மூன்றையும் கேப் காடர் என்றே கேட்டால், பார்டெண்டர் தருவது நீங்கள் நினைத்ததாக இருக்காது.